11 கே.வி. கேபிள் சோதனை: பாதுகாப்பான வரிசை, படிப்படியாக

பெங்களூரில் 11 கே.வி. (11,000 வோல்ட்) நிலத்தடிக் கேபிள், பேனல், ஆர்.எம்.யூ. (வளையமாக ஓடும் கேபிள்களின் சுவிட்ச் பெட்டி) ஆகியவற்றைச் சோதிக்கும் கேங்கில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். பீன்யா, பொம்மசந்திரா, ஒயிட்ஃபீல்டு என்று நான் போன சைட்டுகளில் கேங்கில் பாதிப் பேர் தருமபுரி, கிருஷ்ணகிரி, ஆம்பூர்ப் பக்கத்துப் பிள்ளைகள். ஐ.டி.ஐ. முடித்த கையோடு வருகிறார்கள், வேலையைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில் தடுமாறுகிறார்கள். லைன் கிளியர் (கரண்டை நிறுத்திவிட்டு சப்ஸ்டேஷன் எழுதித் தரும் அனுமதி) கைக்கு வந்ததும் ஆபத்து முடிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள்.

லைன் கிளியர் சப்ஸ்டேஷன் கரண்டை நிறுத்தும். அதற்கப்புறம் அதே கேபிளில் 5 கே.வி., 19 கே.வி. என்று ஏற்றப்போவது நாம். அந்தக் கரண்டுக்கு ரிலே (பழுது வந்தால் தானாகத் துண்டிக்க வைக்கும் கருவி) கிடையாது, சப்ஸ்டேஷன் ஆபரேட்டருக்கும் அது தெரியாது. கீழே உள்ள வரிசை முழுவதும் இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான் அமைந்திருக்கிறது.

1. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

ரப்பர் கிளவுஸ் கிளாஸ் 2 ஆக இருக்க வேண்டும். அது 17 கே.வி. வரை பயன்படுத்தக் கூடியது, லேபிள் மஞ்சள் நிறத்தில் இருக்கும். சிவப்பு லேபிள் கிளாஸ் 0, வெறும் 1000 வோல்ட்டுக்கானது. ஸ்டோரில் இரண்டும் ஒரே பெட்டியில் கிடக்கும். அவசரத்தில் சிவப்பை எடுத்துக்கொண்டு போனவர்களைப் பார்த்திருக்கிறேன். லேபிளைப் பார்த்த பிறகு, கிளவுஸின் வாய்ப் பக்கத்தைச் சுருட்டி உள்ளே காற்றை அடைத்து, கன்னத்தருகே வைத்துக் கேளுங்கள். ஊசித்துளை இருந்தால் காற்று வருவது தோலில் தெரியும். ரப்பர் கிழியாமல் இருக்க அதன் மேல் லெதர் கிளவுஸ் போட வேண்டும்.

ரெசிஸ்டர் உள்ள டிஸ்சார்ஜ் ராட் (கேபிளில் தங்கிய சார்ஜை இறக்கும் கோல்), தனியாக ஒரு எர்த் ராட், எர்த்திங் கிளாம்ப் செட், 11 கே.வி. டிடெக்டர், பூட்டுகள், போர்டுகள், தடுப்பு டேப், இரண்டு வாக்கி டாக்கி. எர்த் ஒயரின் ஜாயின்ட்டை ஒரு முறை இழுத்துப் பாருங்கள். ராடின் வால் உள்ளுக்குள்ளே அறுந்திருந்தால் வெளியே தெரியாது. அது நம்மைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டே வேலை செய்வோம்.

மோதிரம், காப்பு, செயின், உலோகப் பட்டை வாட்ச் எல்லாம் பையில் போகட்டும். மாலை போட்டிருக்கும் தம்பிகளுக்கு அன்றைக்கு ரீடிங் எழுதும் வேலையைக் கொடுத்துவிடுங்கள்.

2. ஆட்களும் வார்த்தைகளும்

கேபிளுக்கு இரண்டு முனை. ஒரு முனையில் டெஸ்ட் செட்டோடு நாம் நிற்போம், அடுத்த முனை இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஏதோ ஒரு அப்பார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் இருக்கும். ஓசூர் ரோட்டில் அந்த இரண்டு கிலோமீட்டரைக் கடக்க முக்கால் மணி நேரம் ஆகலாம். அதனாலேயே "அங்கே யாரும் இருக்க மாட்டார்கள், போட்டுவிடலாம்" என்ற எண்ணம் வரும். ஆள் போய்ச் சேரும் வரை டெஸ்ட் செட்டின் சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும்.

தொலைவு முனைக்குப் போகிறவர் அங்கிருந்து பேச முடிகிறதா என்று முதலில் பாருங்கள். பேஸ்மென்ட்டில் போன் சிக்னல் பெரும்பாலும் இருக்காது. வாக்கி டாக்கியும் எட்டவில்லை என்றால், படிக்கட்டின் மேலே நடுவில் ஓர் ஆளை நிறுத்த வேண்டும். குரல் போய் வராத முனையை வைத்துக்கொண்டு சோதனையைத் தொடங்கவே கூடாது.

இந்த ஊருக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். கன்னடத்தில் "ஆய்த்து" என்ற சொல்லுக்கு "முடிந்தது" என்றும் பொருள், "சரி, செய்கிறேன்" என்றும் பொருள். ஒரு சைட்டில் நான் போனில், "எர்த்தை எடுத்துவிட்டு விலகி நில்லுங்கள் அண்ணா" என்றேன். எதிர்முனையிலிருந்த கன்னடக்காரர் "ஆய்த்து அண்ணா" என்றார். முடித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். அவர் சரி என்றுதான் சொல்லியிருந்தார், அப்போதுதான் கிளாம்ப்பை நோக்கி நடந்துகொண்டிருந்தார். நல்ல வேளையாக எர்த் அப்படியே இருந்ததால் மெக்கரில் (இன்சுலேஷனை அளக்கும் கருவி) முள் பூஜ்யத்தை விட்டு நகரவில்லை, உடனே நிறுத்தினேன். இன்னும் ஒரு நிமிடம் கழித்து நான் பட்டனை அமுக்கியிருந்தால், அவர் கை அந்த முனையில் இருக்கும்போது 5000 வோல்ட் ஏறியிருக்கும்.

அதிலிருந்து என் கேங்கில் "சரி", "ஓகே", "ஆய்த்து" மூன்றும் பதிலாக ஏற்றுக்கொள்ளப்படுவதில்லை. முழு வாக்கியம் வர வேண்டும்: "ரெண்டாம் முனை, எர்த் எடுத்தாச்சு, ஆள் விலகியாச்சு, தடுப்பு போட்டாச்சு." இந்தப் பக்கம் இருப்பவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். கன்னடத்திலோ இந்தியிலோ சொன்னாலும் இதே மூன்று செய்திகள் வர வேண்டும். உத்தரவு கொடுப்பது ஒரே ஆள்.

3. லைன் கிளியரில் என்ன எழுத வேண்டும்

சாதாரண வேலைக்கு லைன் கிளியர் என்றால் எர்த் போட்டபடியே இருக்கும். சோதனைக்கு எர்த்தை எடுத்தாக வேண்டும். அதனால் "சோதனைக்காக, எர்த் எடுக்கப்படும்" என்று படிவத்தில் தெளிவாக எழுதி வாங்குங்கள். எழுதவில்லை என்றால் ஆபரேட்டர் பார்வையில் அந்தக் கேபிள் எர்த்தில் இருக்கிறது. அந்த நம்பிக்கையில் அவர் இன்னொருவருக்கும் அனுமதி கொடுத்துவிடலாம்.

அந்த இன்னொருவர் பெரும்பாலும் ஜாயின்ட் கேங்தான். ஒரே ஃபீடரில் (சப்ஸ்டேஷனிலிருந்து கிளம்பும் லைன்) நடுவழியில் குழி தோண்டி ஜாயின்ட் போட்டுக்கொண்டிருப்பார்கள். நாம் முனையில் வோல்டேஜ் ஏற்றினால் அது அவர்கள் கையில் இறங்கும். "இந்த ஃபீடரில் வேறு லைன் கிளியர் இருக்கிறதா?" என்று ஆபரேட்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள், ரிஜிஸ்டரையும் பாருங்கள். இருந்தால் அவர்கள் ஆட்களை ஏற்றி, தங்கள் லைன் கிளியரைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் நம் வேலை.

4. எல்லாப் பக்கமும் துண்டித்தல்

பிரேக்கரை ட்ரிப் செய்து, ட்ராலியை (பிரேக்கர் உட்கார்ந்திருக்கும் வண்டி) ரேக் அவுட் செய்து, அதாவது வெளியே இழுத்து, கேபிள் எர்த் சுவிட்சைப் போட்டு, பூட்டுவது ஆபரேட்டர் வேலை. அவர் செய்யும்போது பேனலுக்கு நேர் எதிரே நிற்காதீர்கள், ஆர்க் அடித்தால் கதவு வழியாக முன்பக்கம்தான் வரும். நம் பூட்டையும் அதில் போட்டு, சாவியை நாமே வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் எதிர்முனை. நகரில் கேபிள்கள் வளையமாக ஓடுகின்றன. ஆர்.எம்.யூ.வின் இன்னொரு பக்கத்திலிருந்து சப்ளை வரும். அதனால் அந்த முனையின் சுவிட்சும் திறந்து, பூட்டி, எர்த் ஆக வேண்டும்.

பலர் விட்டுவிடுவது மூன்றாவது பக்கத்தை. டெக் பார்க், ஆஸ்பத்திரி, பெரிய அப்பார்ட்மென்ட் எதுவானாலும் டி.ஜி. செட் (டீசல் ஜெனரேட்டர்) இருக்கிறது, மேற்கூரையில் சோலார் இருக்கிறது. சப்ளை போனதும் டி.ஜி. தானாக ஓடும். சேஞ்ச் ஓவர் (சப்ளையையும் டி.ஜி.யையும் மாற்றும் சுவிட்ச்) சரியாக இல்லை என்றால் டிரான்ஸ்ஃபார்மரின் எல்.டி. (குறைந்த வோல்டேஜ்) பக்கம் ஏறும் 433 வோல்ட், எச்.டி. (உயர் வோல்டேஜ்) பக்கம் 11 கே.வி.யாக வரும். எல்.டி. மெயின் பிரேக்கரையும் திறந்து பூட்டுங்கள்.

பி.டி. (அளப்பதற்காக வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் சிறு டிரான்ஸ்ஃபார்மர்) விஷயமும் அதேதான். 11000/110 பி.டி.யில் செகண்டரிக்கு (110 வோல்ட் பக்கம்) எங்கிருந்தாவது வோல்டேஜ் வந்தால் பிரைமரியில் (11000 வோல்ட் பக்கம்) அதன் 100 மடங்கு இருக்கும். யாராவது கன்ட்ரோல் ஒயரிங்கைப் பார்ப்பதற்காக 63 வோல்ட் கொடுத்தால் போதும், அந்தப் பக்கம் 6 கே.வி.க்கு மேல் நிற்கும். பி.டி. செகண்டரி ஃபியூஸை உருவி எடுத்து உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

5. சரியான பேனல்தானா?

கேபிள் முனைகள் பேனலின் பின்பக்கம் இருக்கும். பின்பக்கக் கவரில் ஃபீடர் பெயர் எழுதியிருக்கும். அந்தக் கவர் போல்ட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். பெயின்ட் அடித்தபோதோ சுத்தம் செய்தபோதோ இரண்டு கவர்களை மாற்றி மாட்டியிருந்தால், எழுதியிருக்கும் பெயர் பக்கத்து ஃபீடருடையது. அதன் பின்னே உயிரோடு 11 கே.வி. இருக்கும். முன்பக்கம் இடமிருந்து மூன்றாவது என்றால், பின்பக்கம் போனதும் வலமிருந்து மூன்றாவது. எண்ணுங்கள், இன்னொருவரையும் எண்ணச் சொல்லுங்கள். கவர் பெயரை விட நகராத சட்டத்தில் இருக்கும் எண்ணை நம்புங்கள்.

முன்பக்கம் ட்ராலி இல்லாத அறையில் ஷட்டரை (மூடு தகடு) தூக்கி, ஸ்பவுட் (பிரேக்கர் செருகும் குழி) வழியாகவே லீடைக் கொடுக்கலாம் என்று சிலர் சுருக்குவழி பார்ப்பார்கள். அங்கே இரண்டு ஷட்டர் உண்டு. ஒன்றின் பின்னே நம் கேபிள், மற்றதன் பின்னே உயிரோடு இருக்கும் பஸ்பார் (எல்லா ஃபீடருக்கும் கரண்ட் தரும் பொதுப் பட்டை). ஷட்டரைத் தொடவே வேண்டாம்.

6. கரண்ட் இல்லை என்று உறுதி செய்து எர்த் போடுதல்

டிடெக்டரை முதலில் உயிரோடு இருக்கும் இடத்திலோ அதற்கான டெஸ்டரிலோ காட்டி வேலை செய்கிறதா என்று பாருங்கள். அடுத்து நம் முனையில் மூன்று கட்டங்களிலும் (ஃபேஸ்) பாருங்கள். பிறகு மறுபடி உயிருள்ள இடத்தில். நடுவில் பேட்டரி போயிருந்தால் மூன்றாவது முறைதான் அது தெரியும்.

அருகில் கொண்டுபோனால் கத்தும் வகை டிடெக்டரும், ஆர்.எம்.யூ. முகப்பில் உள்ள காட்டி விளக்குகளும் ஏ.சி.யைத்தான் உணரும். கேபிளில் தங்கியிருக்கும் டி.சி. அவற்றுக்குத் தெரியாது. முந்தைய சோதனையின் சார்ஜ் மிச்சம் இருந்தால் டிடெக்டர் அமைதியாகத்தான் இருக்கும். ஆகவே அது சத்தம் போடவில்லை என்பதற்காக முனையைக் கையால் தொடக் கூடாது. அடுத்தது எப்போதும் எர்த்.

எர்த் போடும்போது முதலில் கிளாம்ப்பை ஸ்டேஷன் எர்த் பட்டையில் இறுக்குங்கள், பிறகு ராடால் கட்டத்தில் மாட்டுங்கள். எடுக்கும்போது இதற்கு நேர் எதிர். வரிசை மாறினால், ஒரு முனை கட்டத்திலும் மறுமுனை உங்கள் கையிலுமாக ஒயர் இருக்கும்.

7. இடத்தைத் தயார் செய்தல்

வேன் பாடி, டெஸ்ட் செட் பாடி, டிஸ்சார்ஜ் ராடின் வால், கேபிள் ஸ்கிரீன் (கேபிளுக்குள் இன்சுலேஷனைச் சுற்றிய உலோக உறை) எல்லாம் ஸ்டேஷன் எர்த்தில் ஒரே புள்ளிக்கு வர வேண்டும். கேபிள் பழுதாகி உடையும் கணத்தில் எர்த்தின் வோல்டேஜ் துள்ளும். வேன் ஓரிடத்திலும் செட் வேறிடத்திலும் எர்த் ஆகியிருந்தால், இரண்டையும் தொட்டு நிற்பவருக்கு அடி. கம்பி வேலி, தண்ணீர்க் குழாய் எல்லாம் எர்த் கணக்கில் சேராது.

எச்.டி. லீடைத் தரையில் போடாதீர்கள், இன்சுலேட்டட் கயிற்றில் தொங்கவிடுங்கள். தடுப்பு டேப்பை எல்லாப் பக்கமும் கட்டுங்கள். 11 கே.வி. வகுப்புக்கு 2.6 மீட்டர் வேலை இடைவெளி என்பது பழைய மின் விதிகளிலிருந்தே பழக்கத்தில் உள்ள அளவு. நான் மூன்று மீட்டருக்குக் குறைந்து கட்டுவதில்லை. தொலைவு முனையிலும் அதே தடுப்பு வேண்டும், அங்கேதான் செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் நடமாடுவார்கள். போர்டில் கன்னடமும் இருக்கட்டும், மண்டையோட்டுப் படமும் இருக்கட்டும்.

மே மாதத்து மாலை மழை தெரிந்த கதைதான். வானம் இருட்டினால் சோதனையைத் தள்ளிப்போடுங்கள். ஈர முனையில் ரீடிங்கும் பொய்யாகும், நம் காலடியும் ஈரமாகும்.

8. வோல்டேஜ் ஏற்றுதல்

ஒவ்வொரு கட்டமாகச் சோதியுங்கள். சோதிக்காத இரண்டு கட்டங்களும் எர்த்தில் இருக்க வேண்டும். சும்மா விட்டால் பக்கத்துக் கட்டத்தின் வோல்டேஜ் அவற்றிலும் தூண்டப்படும்.

லீடை மாட்டும் வரை, சோதிக்கப்போகும் கட்டத்திலும் எர்த் இருக்கட்டும். மாட்டிய பிறகு ராடால் எர்த்தை எடுத்து, தடுப்புக்கு வெளியே வந்து, ஆட்களை எண்ணி, எதிர்முனையிலிருந்து முழு வாக்கியம் கேட்டு, "வோல்டேஜ் ஏறுது" என்று உரக்கச் சொன்ன பிறகு பட்டன். வோல்டேஜ் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற வேண்டும். ஒருவர் கை எமர்ஜென்ஸி பட்டன் அருகிலேயே இருக்கட்டும், அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள்.

முதலில் 5 கே.வி. மெக்கர், பிறகு 0.1 ஹெர்ட்ஸ் வி.எல்.எஃப். (மிகக் குறைந்த அதிர்வெண் ஏ.சி. சோதனை). மெக்கரிலேயே தோற்ற கேபிளில் அதற்கு மேல் ஏற்றுவதில் பயனில்லை. பழைய எக்ஸ்.எல்.பி.இ. (பாலிஎத்திலீன் இன்சுலேஷன்) கேபிளுக்கு டி.சி. ஹைபாட்டை (உயர் வோல்டேஜ் டி.சி. சோதனை) தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம், இன்சுலேஷனுக்குள் சார்ஜ் தங்கிவிடும். சப்ளை கொடுத்த பிறகு அதுவே கேபிளை உடைக்கும்.

9. டிஸ்சார்ஜ்: அவசரப்படக் கூடாத இடம்

நீளமான கேபிள் ஒரு பெரிய கெப்பாசிட்டர். இரண்டு கிலோமீட்டர் கேபிளின் ஒரு கட்டத்தில் 0.7 மைக்ரோஃபாரட் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 5 கே.வி. மெக்கர் போட்டால் அதில் சேரும் ஆற்றல் சுமார் 9 ஜூல். வி.எல்.எஃப். 19 கே.வி. போட்டால் ஏ.சி. அலையின் உச்சம் 27 கே.வி., ஆற்றல் 255 ஜூல் வரை போகும். ஆஸ்பத்திரியில் இதயத்துடிப்பைச் சீராக்க நெஞ்சில் கொடுக்கும் ஷாக் 120 முதல் 200 ஜூல். செட்டை ஆஃப் செய்தபிறகும் கேபிள் இந்த அளவைச் சுமந்துகொண்டிருக்கலாம்.

வரிசை இது. வோல்டேஜைப் பூஜ்யத்துக்கு இறக்கி, செட்டை ஆஃப் செய்து, சாவியை உருவுங்கள். மீட்டரில் வோல்டேஜ் இறங்குவதைப் பாருங்கள். பிறகு ரெசிஸ்டர் உள்ள ராடால் கட்டத்தைத் தொட்டு அப்படியே பிடித்திருங்கள். அது அடங்கிய பிறகுதான் நேரடி எர்த். எடுத்த எடுப்பில் நேரடி எர்த்தைக் கொண்டுபோனால் பெரிய ஸ்பார்க் அடிக்கும், கேபிளுக்கும் கேடு, பிடித்திருப்பவர் பயத்தில் ராடை விட்டுவிடுவார்.

இனி, புதியவர்கள் நம்பாத பகுதி. எர்த் போட்டு எடுத்த கேபிளில் வோல்டேஜ் மறுபடி ஏறும். இதைச் சொன்னால் தலையாட்டுவார்கள், மனதில் தங்காது. அதனால் நான் காட்டிவிடுவேன். 10 நிமிட மெக்கர் சோதனைக்குப் பிறகு ராடைப் பத்து விநாடி மட்டும் வைத்து எடுத்துவிட்டு, மெக்கர் மீட்டரைப் பார்க்கச் சொல்வேன். முதலில் பூஜ்யம். அப்புறம் 20, 60, 150 என்று எண்கள் தானாக ஊர்ந்து மேலே போகும். செட் ஆஃபில் இருக்கிறது, சாவி என் கையில் இருக்கிறது, வோல்டேஜ் ஏறிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்க்கும் பையனின் முகம் மாறும். இன்சுலேஷனுக்குள் ஊறிய சார்ஜ் மெல்லத்தான் வெளியே வரும் என்பதை அதன் பிறகு யாரும் மறப்பதில்லை.

எனவே மெக்கர், டி.சி. சோதனைகளுக்குப் பிறகு, வோல்டேஜ் இருந்த நேரத்தைப் போல் குறைந்தது 4 மடங்கு நேரம் எர்த் இருக்க வேண்டும். 10 நிமிடம் போட்டால் 40 நிமிடம். அடுத்த கட்டத்தைச் சோதிக்கும்போது முதல் கட்டம் எர்த்திலேயே இருக்கப் போகிறது, ஆகவே நேரம் வீணாவதில்லை. லீடைக் கையால் கழற்றுவது எர்த் மாட்டியிருக்கும்போது மட்டும்.

சோதனை நடுவில் லீடு கழன்று விழுந்தால் அதிகக் கவனம் தேவை. செட்டை நிறுத்தியதும் மெக்கரின் வோல்டேஜ் மீட்டர் பூஜ்யம் காட்டும், கேபிள் முழுச் சார்ஜில் நிற்கும். மெக்கர் தானாக டிஸ்சார்ஜ் செய்யும் வசதி அப்போது கேபிளோடு தொடர்பிலேயே இல்லை. விழுந்த லீடை எடுத்து மாட்டக் கை நீட்டாதீர்கள், ராடை எடுங்கள்.

டிரான்ஸ்ஃபார்மர் வைண்டிங் ரெசிஸ்டன்ஸ் எடுக்கும்போதும் இதே கவனம் வேண்டும். டி.சி. ஓடும்போது லீடைக் கழற்றினால் வைண்டிங் பெரிய வோல்டேஜை எதிர்த்துக் கொடுக்கும். டிஸ்சார்ஜ் விளக்கு அணையும் வரை காத்திருங்கள்.

10. யாராவது அடிபட்டால்

எமர்ஜென்ஸி பட்டனை அமுக்குங்கள். அது செட்டை மட்டும்தான் நிறுத்தும். கேபிளில் சார்ஜ் இருக்கும், ஆகவே ராடால் கட்டத்தை எர்த் செய்த பிறகுதான் ஆளைத் தொட வேண்டும். நண்பன் விழுந்ததைப் பார்த்ததும் ஓடிப்போய்த் தூக்கத்தான் மனம் துடிக்கும். அந்த இரண்டு விநாடி ராடுக்குக் கொடுங்கள், இல்லாவிட்டால் இருவர் விழுவீர்கள்.

மூச்சு இல்லை என்றால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டராவது அமுங்கும்படி அழுத்துங்கள். இன்னொருவர் 108 அல்லது 112 அழைத்து, கேட் அருகே போய் நிற்கட்டும். பெரிய வளாகங்களில் ஆம்புலன்ஸ் உள்ளே வழி தெரியாமல் சுற்றும். "ஒண்ணும் இல்லண்ணா, லேசா அடிச்சுது" என்று எழுந்து நடப்பவரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஈ.சி.ஜி. எடுங்கள், இதயத் துடிப்பு கோளாறு பின்னால் கூட வரலாம்.

11. லைன் கிளியரைத் திருப்பிக் கொடுத்தல்

ஆட்களை இரண்டு முனைகளிலும் பெயர் சொல்லி எண்ணுங்கள். கொண்டுவந்த கிளாம்ப்புகளையும் எண்ணுங்கள். காலையில் ஆறு என்று எழுதியிருந்தால் மாலையில் ஆறு வர வேண்டும். ஐந்துதான் இருக்கிறது என்றால் ஆறாவது இன்னும் கேபிளில் இருக்கிறது, அப்படியே சார்ஜ் செய்தால் பேனலே வெடிக்கும்.

சோதனைக்காகக் கழற்றிய ஸ்கிரீன் எர்த்தைத் திரும்ப மாட்டி, கட்ட வரிசையைச் சரிபார்த்து, பி.டி. ஃபியூஸைப் போட்டு, கவர்களை அவற்றுக்குரிய பேனலிலேயே மாட்டுங்கள். நம் பூட்டை எடுப்பது கடைசியில். இரண்டு முனைகளிலிருந்தும் முழு வாக்கியம் வந்த பிறகு, லைன் கிளியர் வாங்கியவரே நேரில் போய் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். போனில் "முடிஞ்சுது சார், சார்ஜ் பண்ணுங்க" என்று சொல்வதை நான் அனுமதிப்பதில்லை. ஆபரேட்டர் கையெழுத்துப் போட்ட நிமிடத்திலிருந்து அந்தக் கேபிளை உயிரோடு இருப்பதாகவே கொள்ளுங்கள், மறந்துவிட்ட ஸ்பேனரை எடுக்கக்கூட உள்ளே போகாதீர்கள்.